ஒன்பது தலையணைகள் பள்ளிக்கூடம் போன திங்கட்கிழமை

உனக்கு வேறு வேலையே கிடையாதா? அலுமாரிக்கு மேலே கிடந்த சிலேட்டை இறக்கி, அதன் தூசி முழுவதையும் என் கட்டிலில் கொட்டி, "இது ஆரின்ட அம்மம்மா? ஏன் இவ்வளவு காலமா வைச்சிருக்கிறியள்?" என்று கேட்கிறாய். என் நகை எங்கே என்று கேட்டாலும் ஒரு நியாயம் உண்டு. கேட்டாலும் சொல்ல மாட்டேன், அது வேறு கதை. மூலை உடைந்த சிலேட்டின் சங்கதியைத் தெரிந்துகொண்டு எந்தப் பரீட்சை எழுதப் போகிறாய்? நானோ இரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். என்னிடம் வந்து சிலேட்டைப் பற்றிக் கேட்பது மீன் கூடைக்காரனிடம் போய் மல்லிகைப்பூ கேட்பது மாதிரி. சரி, இரு. கேட்டுத் தொலை. ஆனால் அதை ஈரத் துணியால் மட்டும் துடைத்துவிடாதே. ஒருமுறை ஈரம் பட்டுப் பட்டதே போதும்.

அப்போது வெள்ளைக்காரன் காலம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். தோட்டம் என்றதும் மாவும் கொய்யாவும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு ஒழுங்கை, இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது வீடு, நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப். கொழும்பில் அதற்குத்தான் தோட்டம் என்று பெயர். பைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே கப்பல்களின் புகைக்குழாய் தெரியும். பின்னேரத்தில் கப்பல் ஊதும்போது கொடிகளில் காய்கிற சேலைகள் எல்லாம் காற்றில் ஒன்றாக உப்பும். அப்போது எனக்கு ஒழுங்கை முழுவதுமே மெல்லப் புறப்பட்டுப் போகிற மாதிரி இருக்கும். வீடுகளும், பைப்பும், அடுப்பில் வேகிற கிழங்குமாய், கடலில் எங்கோ. யாரும் இறங்கச் சொல்லாத ஒரு பயணம். பிறகு யாராவது வாளியை டொங் என்று வைப்பார்கள். நாங்கள் திரும்பக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிடுவோம்.

யுத்தம் எங்கள் ஒழுங்கைக்குள் இரண்டு விதமாக வந்தது. ஒன்று சைரன். அது ஊதினால் எல்லோரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோடியில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் குந்துவோம். என் எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் ராத்தா என்று கூப்பிடுவேன். அவர் சைரன் ஊதினால் முதலில் தன் தலையணையைத்தான் தூக்குவார். ஒரு கையில் தலையணை, மறு கையில் மகள். "ராத்தா, ஜப்பான்காரன் குண்டு போடுற நேரத்திலயும் உங்களுக்கு நித்திரையா?" என்று நான் கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டே தலையணையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்.

மற்றது தாள் தட்டுப்பாடு. பள்ளிக்கூடம் எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிற துண்டுகள் நின்றுபோயின. நகம் வெட்டி அனுப்புக, பேன் பார்த்து அனுப்புக, அம்மை குத்த வருகிறார்கள் சட்டைக் கையைத் தளர்வாகப் போடுக என்பது போன்ற சேதிகள். தாளில்லை என்பதற்காகச் சொல்லாமல் விடக்கூடியவரா பெரிய ரீச்சர்? ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு சிலேட்டு என்று ஒழுங்கு பண்ணினார். வெள்ளிக்கிழமை மதியம் சிலேட்டு ஒரு துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு வரும். பிள்ளைகள் அவிழ்க்கக் கூடாது, அது பெரியவர்களுக்கான சேதி. முன்பக்கத்தில் சேதி. பின்பக்கத்தில் ஒவ்வொரு தாயும் கேட்டேன் என்பதற்கு அடையாளம் போடவேண்டும். திங்கட்கிழமை சிலேட்டு திரும்பிப் போகும்போது அங்கே ஒன்பது அடையாளமும் இருக்கவேண்டும். ராத்தா ஒரு வளையல் கீறுவார். கோடி வீட்டு இடியப்பக்கார அக்கா மூன்று கோடு இழுப்பா. நான் மட்டும் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, அதற்கு ஒரு நீண்ட வாலும் வைப்பேன். அந்த வாலைப் பார்த்துத்தான் எனக்குப் படிப்பு இருக்கிறது என்று ஒழுங்கை நம்பியது.

உண்மையைச் சொன்னால், எனக்கு எழுத்துகள் தெரியும். ஆனால் ஒன்று ஒன்றாகத்தான் தெரியும். ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேருவதற்குள் முதல் எழுத்து என்னை விட்டுவிட்டுப் போயிருக்கும். அதனால் சிலேட்டைக் கொண்டு வருகிற என் மகள், அவளுக்கு அப்போது ஏழு வயது, குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக வாசித்துக் காட்டுவாள். நான் நெஞ்சில் எழுதிக்கொண்டு பைப்படிக்கு வந்து, சிலேட்டை நீட்டிப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன். பெரிய ரீச்சர் எழுதாத ஒன்றிரண்டும் இடையில் வந்து விழும்.

"துவைத்த உடுப்பை அடுத்த வீட்டு வாசலுக்கு நேரே காயப்போடக் கூடாது" என்று ஒருமுறை வாசித்தேன்.

இடியப்பக்கார அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பள்ளிக்கூடத்துக்கு ஏன் எங்கட உடுப்பு?"

"பிள்ளையள் அதுக்குக் கீழால குனிஞ்சு குனிஞ்சு வந்து முதுகு கூனிப் போகுதாம் அக்கா. நான் என்ன செய்ய, எழுதியிருக்கு."

அன்று பின்னேரமே என் வாசலுக்கு நேரே தொங்கிய கொடி இடம் மாறியது. படிப்பின் பலன் அது.

இப்போது கேள். அந்த வருசம் ராத்தாவின் மகளுக்கு ஒன்பது வயது. எங்கள் ஒழுங்கையில் கெட்டிக்காரி என்றால் அவள்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எழுதப் போகிறார்கள் என்று ஒரு கதை வந்தது. ராத்தாவின் புருசன் துணி வியாபாரம். மூட்டையோடு மலைநாட்டுப் பக்கம் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் வருவார். வியாழக்கிழமை பைப்படியில் ராத்தா என் காதோடு சொன்னார்:

"பட்டியல்ல பேரு ஏறினா படிக்கட்டும், ஏறாட்டி இந்த வருசத்தோட படிப்ப நிப்பாட்டி ஊட்டுல ஈக்கட்டும்னு செல்லிட்டுப் பெய்த்தாரு மனிசன். சிலேட்டு வந்த ஒடனே எனக்கு முதல்ல வாசிச்சுச் செல்லுங்க தங்கச்சி."

"ஓம் ராத்தா. உங்களுக்குச் சொல்லாம ஆருக்குச் சொல்லப் போறன்?"

"பாத்துட்டு மறந்துராதீங்க."

அவர் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் என் மகளுக்குக் கூகைக்கட்டு. கன்னம் இரண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கி, புதன்கிழமையில் இருந்து பாயில் கிடந்தாள். கூகைக்கட்டுக்குத் தங்கம் போட்டால் வற்றும் என்று என் கல்யாணச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் சிலேட்டைக் கொண்டு வந்தது ராத்தாவின் மகள். துணி முடிச்சு அப்படியே இருந்தது. கண்ணை மூடு என்றால் மூடிக்கொண்டே வீடு வரை நடக்கிற பிள்ளை அவள். தன் தலையெழுத்தைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வந்து, "சாச்சி, ரீச்சர் தரச் சென்ன" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவிழ்த்துப் பார்த்தேன். மேல் முதல் கீழ் வரை நெருக்கமாக எழுத்து. மகளை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. காய்ச்சல் விட்டு அப்போதுதான் தூங்கியிருந்தாள், சங்கிலியோடும் வீங்கிய கன்னத்தோடும் சாப்பாடு அதிகமாகிப்போன ஒரு சின்ன மணப்பெண் மாதிரி. நாலு மணிக்கு எழுப்பலாம் என்று சிலேட்டை வாசல் நிலையில் இருந்த ஆணியில் கொழுவிவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தேன்.

அப்படி ஒரு தூக்கம் பிறகு எனக்கு வரவே இல்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. ஊதியது நிற்கவில்லை, நீண்டு நீண்டு ஒரு நூல் மாதிரி மெலிந்துகொண்டே போனது. கனவில் சிலேட்டில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக இறங்கின. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற பிள்ளைகள் போல, வரிசையாக, வாசல்படி தாண்டி, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் வழியே கடல் பக்கம் போயின. எனக்கு அவற்றின் மேல் கோபமே வரவில்லை. கவனமாய்ப் போங்கோ என்று சொன்னது போலவும் ஞாபகம். விழித்தபோது வீடு முழுக்க மழை மணம். வெயில் திரும்பி வந்திருந்தது. தாழ்வாரத்தில் இருந்து ஒவ்வொரு சொட்டாய் விழுந்துகொண்டிருந்தது, நேராகச் சிலேட்டின் நடுவில்.

மேல்பாதி இருந்தது. கீழ்ப்பாதி கறுப்பாய், பளபளவென்று, கழுவிய சட்டி மாதிரி இருந்தது.

மகளை எழுப்பினேன். வாயைத் திறக்க நோகிறது என்று சிணுங்கிக்கொண்டே வாசித்தாள்: "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தாய்மார் எல்லோரும் தவறாமல் பாடசாலைக்கு வருக. வரும்போது..."

"வரும்போது?"

"அவ்வளவுதான் அம்மா. வரும்போது மழை வந்திட்டுது."

பெரிய ரீச்சரைப் போய்க் கேட்கலாம் என்றால் அவர் வெள்ளிக்கிழமை மணியடித்த கையோடு வெள்ளவத்தைக்கு ரயில் ஏறிவிடுவார், திங்கள் காலைதான் வருவார். பக்கத்துத் தோட்டத்துக்கும் இதே சேதி போயிருக்கும், அங்கே போய்க் கேட்கலாம். கேட்டால், படிக்கத் தெரிந்தவள் சிலேட்டை மழையில் நனையவிட்டாள் என்ற கதை எனக்கு முன்னால் எங்கள் பைப்படிக்கு வந்து சேர்ந்துவிடும். ராத்தா காத்திருக்கிறார் என்று தெரியும். தெரிந்தும் போகவில்லை. என் எழுத்தின் வால் அவ்வளவு நீளமாக இருந்தது.

உட்கார்ந்து யோசித்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வந்த சிலேட்டில் என்ன இருந்தது? பாலர் வகுப்புப் பிள்ளைகளை மதியம் ஒரு மணிநேரம் தூங்கவைக்கப் போகிறோம், சின்னப் பாய் ஒன்று கொடுத்துவிடுக என்று இருந்தது. பாய் கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள்? எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை பைப்படியில் சிலேட்டை நீட்டிப் பிடித்தேன். ஈரம் காயவில்லை என்று கீழ்ப்பாதியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். "...வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தலையணை கொண்டு வருக."

"தலகாணியா?" என்றா இடியப்பக்கார அக்கா. "எங்கட தலகாணியோ, பிள்ளையின்ட தலகாணியோ?"

"தாய் தலை வைக்கிற தலகாணி. தாயின்ட மணம் இருந்தாத்தான் பிள்ளைக்கு நித்திரை வருமாம்."

"என்ட தலகாணியில மணந்தா பிள்ளை எழும்பி ஓடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. "என்ட புள்ளட பேரு பத்தி ஒண்டும் எழுதி இல்லயா தங்கச்சி?"

"அதெல்லாம் திங்கட்கிழமை வாயால சொல்லுவினமாம் ராத்தா."

இத்தனை வருசத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். நல்ல பொய்கள், சாப்பிட்ட மாதிரி வயிறு நிறையும். இது ஒன்றுதான் செரிக்கவில்லை. ராத்தா தலையை ஆட்டிவிட்டு, பின்பக்கத்தில் தன் வளையலைக் கீறினார். அன்றைக்கு அது வட்டமாக வரவில்லை.

திங்கட்கிழமை மகளைப் பார்த்துக்கொள்ள அவள் அப்பா இருந்தார், துறைமுகத்தில் அவருக்குப் பின்னேர முறை. நாங்கள் ஒன்பது பேரும் ஒன்பது தலையணையோடு புறப்பட்டோம். மழை கழுவிவிட்ட தெரு, கோயில் மணி ஒரு பக்கம், வெயில் இன்னும் சூடேறாத நேரம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தால் நடை தானாகவே மெதுவாகிவிடும், தெரியுமா? ரிக்‌ஷாக்காரர்கள் நிறுத்தி வழிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் தூக்கத்தில் இருந்து இன்னும் இறங்காமல், அப்படியே தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. மூலைக் கடை முதலாளி, சிங்கள மனிதர், கடைப் படியில் வந்து நின்றார்.

"நோனா, கொட்டேத் அரன் கொஹேத யன்னே?" தலையணையும் தூக்கிக்கொண்டு எங்கே பயணம் என்று.

"இஸ்கோலேட்ட!" என்றேன், பள்ளிக்கூடத்துக்கு என்று.

"நிதியன்னத?"

தூங்கவா என்று கேட்டார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். பள்ளிக்கூட வாசலைத் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

உள்ளே மற்றத் தோட்டத்துத் தாய்மார் வரிசையில் நின்றார்கள். ஒருத்தியிடமும் தலையணை இல்லை. எல்லோர் கையிலும் மடித்த தாள். வராந்தாவில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கல்விக் கந்தோரில் இருந்து பட்டியல் எழுத வந்த ஒரு ஐயா. பக்கத்தில் பெரிய ரீச்சர். அவர் எங்களைப் பார்த்தார். எங்கள் தலையணைகளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"என்ன பிள்ளையள் இது? பிறப்புப் பத்திரத்தைக் கொண்டு வாங்கோ எண்டு எழுதிவிட்டா, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிக்கிறியள்?"

அப்போதுதான் வரும்போது என்பதற்குப் பிறகு என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகளின் பத்திரத்தைப் புதன்கிழமை காட்டினாலும் போதுமாம். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் பத்திரத்தை மட்டும் இன்றைக்கு, இப்போதே காட்டவேண்டும். பட்டியலைக் கந்தோர் ஐயா கையோடு கொண்டு போகிறார். அவர் பேனாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். வெளியே ரிக்‌ஷா காத்து நின்றது.

ராத்தா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி அவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து, திரும்ப ஓடிவந்து... அதற்குள் ரிக்‌ஷா துறைமுகத்தைத் தாண்டியிருக்கும்.

ராத்தா வராந்தாவின் சீமெந்துத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். தலையணையை மடியில் போட்டு, ஓரத் தையலைப் பல்லால் கடித்து இழுத்தார். சர்ரென்று கிழிந்தது. இலவம்பஞ்சு குபுக்கென்று எழும்பியது. வெளியில் வந்ததும் அதற்கு என்ன அவசரம்? ஒவ்வொரு இழையும் யோசித்து யோசித்து மிதந்தது. வரிசையில் நின்ற தாய்மாரின் தலையில், கரும்பலகையில், பெரிய ரீச்சரின் கொண்டையில் எல்லாம் போய் உட்கார்ந்தது. பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றார்கள். நான் சொன்ன பொய்யெல்லாம் வெள்ளையாய் எழும்பி, எல்லோரும் பார்க்க மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. ராத்தா முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, மெழுகுசீலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வெளியில் எடுத்தார்.

"சைரன் ஊதினா எதத் தூக்கிறது எத உடுறது, ரீச்சர்? அதான் ஊட்டுல ஈக்கிற கடுதாசி எல்லாத்தையும் இதுக்குள்ள தச்சு வெச்ச."

மகளின் பிறப்புப் பத்திரம் இருந்தது. கந்தோர் ஐயா மூன்று தரம் தும்மினார். பிறகு பேனாவைத் திறந்து பெயரை எழுதினார். நிப்பில் ஒரு பஞ்சு இழை ஒட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் பெயர் மட்டும் பட்டியலில் கொஞ்சம் தடிப்பாக விழுந்தது.

ஐயா போனதும் பெரிய ரீச்சர் நாங்கள் திருப்பிக் கொண்டு போன சிலேட்டைத் தூக்கிப் பிடித்தார். "இதை ஆர் வாசிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் பஞ்சு போனது. இருமி முடிப்பதற்குள் ராத்தா சொன்னார்: "நாங்க எல்லாரும் சேந்துதான் வாசிச்ச ரீச்சர்."

மற்ற ஏழு பேரும் தலையை ஆட்டினார்கள். இடியப்பக்கார அக்காவும்தான். பெரிய ரீச்சர் சிலேட்டின் கீழ்ப்பாதியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் சேர்ந்து வாசிச்சது நல்லது. மழையில நனைய விட்டதும் எல்லாரும் சேர்ந்துதானோ?"

அடுத்த வெள்ளிக்கிழமை சிலேட்டில் எழுத்து பெரிதாக இருந்தது, வரிகள் குறைவாக இருந்தன. முதல் வரியை மகளை எழுப்பாமல் நானே வாசித்துவிட்டேன், கடைசி எழுத்துக்குப் போகும்வரை முதல் எழுத்து ஓடவில்லை. "மழை படாமல் வைக்கவும்" என்று இருந்தது. யுத்தம் முடிந்து தாள் திரும்ப வந்தபோது, எங்கள் தோட்டத்துச் சிலேட்டைப் பெரிய ரீச்சர் என் மகளிடம் கொடுத்து, உன் அம்மாவிடமே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். கையில் வாங்கும்போது மூலை முழுசாகத்தான் இருந்தது. உடைத்தது உன் அம்மா.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரத்தையும் சொல்லிவிடுகிறேன். தலைமயிரில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க ஒன்பது பேரும் பைப்படியில் நின்றோம். ராத்தா வாளிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நிரம்ப முன்னமே எடுத்துவிட்டார். கப்பல் ஒன்று ஊதியது. இடியப்பக்கார அக்கா இடுப்பில் கையை வைத்தா.

"என்ன பிள்ளை, தலகாணி எண்டு எங்க எழுதியிருந்தது?"

நான் ராத்தாவைப் பார்க்காமல், குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கச் சொன்னேன்:

"அக்கா, பெரிய ரீச்சர் படிச்ச மனிசி. பத்திரத்தைக் கொண்டு வா எண்டு பச்சையா எழுதினா, ஊரில இருக்கிற கள்ளனெல்லாம் வாசிச்சுப்போட்டுப் பெட்டியை உடைக்க வருவான். அதுக்குத்தான் தலகாணி எண்டு மறைச்சு எழுதினவ. விளங்கிக்கொண்டவ ராத்தா ஒருத்திதான். நாங்க எட்டுப் பேரும் வெறும் பஞ்சைத் தூக்கிக்கொண்டு போனதுக்கு ரீச்சரிட்ட என்ன பிழை? போங்கோ, போய் ஊசியும் நூலும் எடுங்கோ."